பொன்னியின் செல்வனும் உருத்திரபுரத்து வாசகர்களும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை நான் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வருகிறேன். 2022 செப்டம்பர் கடைசியில் மணிரத்னத்தின் படம் வந்தபோது தொடங்கிய பழக்கம் இது. போனில் படம் பார்த்த பிள்ளைகள் நூலகத்தில் புத்தகத்தைத் தேடி வந்தார்கள். அங்கே இருந்தது இரண்டு பாகம்தான். மிச்ச மூன்றையும் நான் வீட்டிலிருந்து கொண்டு போய்க் கொடுத்தேன். புத்தகங்கள் அட்டை கழன்று திரும்பி வந்தன. ஒவ்வொன்றோடும் ஓர் அபிப்பிராயமும் சேர்ந்து வந்தது. அவற்றை வீணாக்க மனமில்லாமல் எழுதி வைத்தேன். பிறகு ஊரில் வயதானவர்களிடமும், விடுமுறையில் புத்தளம் போகும்போது எங்கட சொந்தக்காரரிடமும் கேட்டு எழுதினேன்.

நான் உருத்திரபுரத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இல்லை. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

முதலில் நாவலைப் பற்றி ஒன்று. இது பாரமில்லாத நாவல். குறையாக இதைச் சொல்லவில்லை. 1950 ஒக்டோபர் 29ஆம் திகதி ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 வரை வாரம் வாரமாக வந்த கதை. அடுத்த வாரமும் வாசகர் வரவேண்டும் என்பதற்காக ஒவ்வோர் அத்தியாயமும் எதையோ பாதியில் விட்டுவிட்டுப் போகும். ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். கொஞ்ச நேரத்திலேயே ஒரு குண்டு வைணவன் கையில் தடியோடு சைவரிடமும் அத்வைதியிடமும் சண்டை பிடிப்பதைப் பார்க்கிறான். பத்தாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் கடவுளை முன்னிட்டு நடந்த வழக்குகளை இப்படிச் சிரிப்பாக ஆக்கிக்கொண்டுதான் கல்கி கதைக்குள் போகிறார். ஆழ்வார்க்கடியானின் வாயும் கைத்தடியும், குடந்தை சோதிடரின் நழுவல் பதில்கள், வானதியின் மயக்கங்கள், மூடுபல்லக்கில் ஒளிந்து திரிகிற மதுராந்தகர் என்று எல்லோரையும் லேசாகச் சீண்டிவிட்டுப் போகிறார். கொலை நடக்கிற கதை, சூழ்ச்சி நிறைந்த கதை. ஆனாலும் வாசித்து முடித்தவர் மனதில் நிற்பது வந்தியத்தேவனின் வாய்த்துடுக்குத்தான்.

வகுப்பில் ஒரு பெடியன் சொன்னது என் கொப்பியில் முதலாவதாக இருக்கிறது: “ரீச்சர், இந்த ஆளுக்கு ஒரு பொய்யும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது. ஆனா எல்லாரும் நம்புகினம்.” ஐந்து பாகத்துக்குமான விமர்சனத்தை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டான். வந்தியத்தேவன் கெட்டிக்காரன் என்பதால் அல்ல, அவனை நம்பாமல் இருக்க மனம் வராததால்தான் கதை நகர்கிறது.

பொம்பிளைப் பிள்ளைகளில் அதிகம்பேர் குந்தவையின் பக்கம் நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அவர்கள் பூங்குழலியின் பக்கம் நின்றார்கள். “மற்ற ஆக்கள் எல்லாரும் அரண்மனையில இருந்து யோசிக்கினம். இவள் மட்டுந்தான் வேலை செய்யிறாள்” என்றாள் ஒருத்தி. கோடிக்கரையிலிருந்து ராத்திரியில் தனியே படகு வலித்து இலங்கைக்கு ஆளைக் கொண்டுவந்து விடுகிற பெண் அவள். தகப்பன்மாரும் அண்ணன்மாரும் இல்லாத வீடுகளில், தாய்மார் வயலுக்கும் கடைக்கும் போய் உழைத்து வளர்த்த பிள்ளைகள் இவர்கள். பூங்குழலியை அவர்களுக்கு விளங்கப்படுத்த நான் தேவைப்படவில்லை.

பத்தாம் வாய்க்கால் பக்கம் ஓர் ஐயா இருக்கிறார். ஐம்பதுகளில் குடியேற்றத்தோடு வந்த குடும்பம். ‘கல்கி’ இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கழற்றி, ஊசி நூலால் தைத்து, மட்டை போட்டு அவருடைய தகப்பன் வைத்திருந்தாராம். மண்ணெண்ணெய் கிடைக்காத தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கில் திரியைத் தாழ்த்தி வைத்து அதையே திரும்பத் திரும்ப வாசித்தாராம். கடைசி இடப்பெயர்வில் அது போய்விட்டது. திரும்பி வந்த பிறகு மகன் கனடாவிலிருந்து புதுப் பதிப்பு அனுப்பினார். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. “இதில மணியத்தின்ர படம் இல்லைப் பிள்ளை. படம் இல்லாத குந்தவையை எனக்கு ஆரெண்டு தெரியாது.” பிறகு ஒன்று சொன்னார்: “அஞ்சாம் பாகத்தை அறுபது வருசமா வாசிக்கிறன். கரிகாலனைக் கொண்டது ஆரெண்டு இன்னும் எனக்குத் தெரியேல்ல. கல்கிக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

கல்கிக்கும் இந்தத் தலையிடி இருந்தது. கதையைத் திடீரென்று முடித்துவிட்டார் என்று அந்தக் காலத்து வாசகர்களே முறையிட்டார்கள். அதனால் அவர் ஒரு முடிவுரை எழுதினார். இன்னாருக்கு என்ன நடந்தது, இவர்கள் கலியாணம் செய்தார்களா என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அதில் பதில் சொல்கிறார். வெறும் கற்பனைக் கதையை ஆசிரியர் விரும்பிய இடத்தில் கட்டி முடிக்கலாம், சரித்திர மனிதர்களோ கதை முடிந்த பிறகும் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் என்பது அவர் சொல்லும் நியாயம். அந்த நியாயம் எனக்கு முழுதாகச் சரியாகப் படவில்லை. ஆதித்த கரிகாலனின் கொலை விடயத்தில் அவர் கையிலிருந்த சான்றுகள் குறைவு. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாஸன் முதலானவர்களின் பெயரைத் தருகிறது. ஏன் செய்தார்கள் என்று சொல்லவில்லை. கல்கி அந்த இருட்டை இருட்டாகவே விட்டார். சிரிக்க வைக்கிற கதைக்காரர் ஒருவர் அந்த இடத்தில் அடக்கமாக நின்றிருக்கிறார். வாசகர்கள் பொறுக்கவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று தொடர்ச்சியே எழுதினார்.

இனிப் படித்தவர்களின் அபிப்பிராயம். தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பல்கலைக்கழகம் போனபோது ‘பொன்னியின் செல்வன் பிடிக்கும்’ என்று வாய் திறந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பேராசிரியர் கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வந்தது. எங்கள் தலைமுறை வரைக்கும் அந்தப் பார்வையின் நிழலில்தான் நாவலைப் படித்தது. சமூகத்தின் நெருக்கடியைக் காட்டாத கதை, பழம்பெருமையில் வாசகனை மயக்குகிற கதை என்று நாங்களும் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் யார், எங்கே இருந்து வாசிக்கிறார் என்ற கேள்வி அந்த விடையில் வராது. ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தவருக்கு மயக்கம் தேவைப்பட்டிருக்கலாம். அதை அவரிடமிருந்து பறிக்க எனக்கு என்ன உரிமை?

மற்றப் பக்கம், இதைச் சரித்திரமாகவே எடுத்துக்கொள்கிறவர்கள். இவர்கள்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறவர்கள். எங்கள் வரலாற்று ஆசிரியை ஒருநாள் விடைத்தாளோடு வந்தார். “உங்கட நாவல் என்ர பாடத்தைக் கெடுக்குது” என்றார். ராஜராஜன் அநுராதபுரத்தில் உடைந்த விகாரைகளைத் திருத்திக் கொடுத்தார், பிக்குமார் தந்த முடியை வேண்டாம் என்றார் என்று பிள்ளை எழுதியிருந்தது. நாவலில் இளவரசர் அருள்மொழிவர்மர் அப்படித்தான் செய்கிறார். அழகான அத்தியாயங்கள்தான். ஆனால் சூளவம்சம் சொல்லும் கதை வேறு. சோழப் படை விகாரைகளைக் கொள்ளையிட்டதை அது எழுதி வைத்திருக்கிறது. அநுராதபுரம் விழுந்தது, பொலனறுவை சோழரின் தலைநகரானது, கி.பி. 1017 அளவில் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் பிடித்துக்கொண்டு போகப்பட்டான். மாதோட்டத்துக்கு ராஜராஜபுரம் என்று பேர் வைத்தார்கள். இதெல்லாம் கதை முடிந்த பிறகு நடந்தது என்று கல்கிக்காக வாதாடலாம். ஆனால் கல்கி நீலகண்ட சாஸ்திரியாரை வாசித்தவர், இலங்கைக்கு வந்து பார்த்தவர். பின்னால் வரப்போவது தெரிந்துகொண்டுதான் முன்னால் அந்த நல்ல இளவரசரை நிறுத்தியிருக்கிறார். புலிக்கொடி என்ற சொல்லுக்குத் தஞ்சாவூரில் ஒரு பாரம், எங்கட மண்ணில் இன்னொரு பாரம். நாவலை நாவலாக வாசிக்கப் பழக்குவது இங்கே படிப்பிக்கிறவரின் வேலை. அந்த விடைத்தாளுக்கு வரலாற்று ஆசிரியை புள்ளி போடவில்லை, சரிதான். கற்பனைக்கு நான் போட்டேன்.

இவ்வளவும் மற்றவர்களின் அபிப்பிராயம். இனி என்னுடையது. அதை ஒரு பெடியன்தான் தொடக்கி வைத்தான்.

இரண்டாம் பாகம் ‘சுழற்காற்று’. கதையில் பெரும்பகுதி நம் நாட்டில் நடப்பது. அதன் பிற்பகுதியில் இளவரசரைச் சிறைப்பிடித்துப் போக வந்த கப்பல் ஒன்று அராபியர் சிலரின் கைக்குப் போய்விடுகிறது. இளவரசர் அதில் இருக்கிறார் என்று நினைத்து வந்தியத்தேவன் ஏறுகிறான். அவர்களிடம் கட்டுண்டு கிடக்கிறான். அந்த அராபியர் முரடர்களாக வருகிறார்கள். பேசுவது அவனுக்கு விளங்காது, வாசகருக்கும் விளங்க வைக்கப்படுவதில்லை. சில பக்கங்களில் அவர்களின் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புயல், இடி, தீப்பற்றிய கப்பல், இளவரசர் படகில் வந்து நண்பனைக் காப்பாற்றுவது. நாவலின் உச்சமான இடங்களில் ஒன்று. அதை வகுப்பில் வாசித்துக்கொண்டு வரும்போது பின் வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது:

“ரீச்சர், அந்தக் கப்பலில இருந்தது உங்கட ஆக்களா?”

வகுப்பு அடங்கிப் போனது. பக்கத்திலிருந்த பிள்ளை அவன் முழங்கையில் இடித்தது எனக்குத் தெரிந்தது. அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டான். ‘உங்கட ஆக்கள்’ என்ற சொல் மட்டும் எனக்குள் எங்கோ போய் விழுந்தது.

எங்கட ஊர் நாச்சிக்குடா. இதே மாவட்டத்துக் கடற்கரைதான். 1990 ஒக்டோபர் கடைசியில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் யாரோ தந்த பழைய ‘சுழற்காற்று’ ஒன்று எங்களிடம் வந்தது. முதல் பாகம் இல்லை, மூன்றாம் பாகமும் இல்லை. உம்மாவுக்குக் கதைப் புத்தகம் பிடிக்காது. “ஓதுற பிள்ளைக்கு இது என்னத்துக்கு” என்று சொல்லுவா. வாப்பா மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். வாப்பா கருவாட்டு யாபாரம் செய்தவர். சங்குப்பிட்டிப் பாதை ஓடாத நாளில் பரந்தனால் சுற்றி ஆனையிறவு தாண்டித்தான் யாழ்ப்பாணம் போய் வருவார். இளவரசர் வடக்கு நோக்கிப் போகிற கட்டத்தில் கல்கி கதையை நிறுத்திவிட்டு ஆனையிறவைப் பற்றிச் சொல்கிறார். இரண்டு பக்கத்தாலும் கடல் உள்ளே வந்து நிலத்தைப் பிரிக்கிறது, குறுகலான அந்த இடத்தில் யானைகள் இறங்கிக் கடந்தன, அதனால் பின்னாளில் அந்தப் பேர் வந்தது என்று. அதை நான் வாசித்ததும் வாப்பா நிமிர்ந்து இருந்தார். “இவர் அந்த இடத்தைக் கண்டிருக்கிறார்” என்றார். “ஆனா உப்பைப் பத்தி ஒண்டும் சொல்லேல்லயே” என்றும் சொன்னார். ஊரை விட்டு வந்த பிறகு எங்கட பக்கத்து இடத்தின் பேரை அந்தக் கொட்டிலுக்குள் சத்தமாகச் சொன்னது கல்கிதான். இந்த நாவலை நான் பாரமில்லாதது என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதே புத்தகத்தில்தான் அந்தக் கப்பலும் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் நான் அதை வந்தியத்தேவனின் பக்கம் நின்று வாசித்தேன். அராபியர் ஒழிந்தபோது சந்தோசப்பட்டேன். நாற்பது கடந்து, வகுப்பின் முன்னால் நிற்கும்போதுதான் ஒரு பெடியன் என்னைக் கப்பலின் மற்றப் பக்கத்தில் நிறுத்தினான்.

அவனுக்கு உடனே என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “ஓம் ராசா, எங்கட ஆக்கள்தான். வந்தியத்தேவனுக்குக் கப்பல் ஓட்டத் தெரியாது. அவங்களுக்குத் தெரியும்.” வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். பாடம் தொடர்ந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கல்கியின் மேல் எனக்குள்ள முறைப்பாடு எது என்று தெளிவானது. வீரசைவனானாலும் வீரவைணவனானாலும் பிக்குவானாலும், கல்கி எல்லோருக்கும் ஒரு சிரிப்பைப் பங்கு வைத்திருக்கிறார். கொலைகாரன் ரவிதாஸனுக்குக்கூட ஒரு நியாயம் இருக்கிறது. தன் பாண்டிய மன்னனுக்காகச் செய்த சபதம் இருக்கிறது. அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு நினைவில் நிற்கிற ஒரு பேரில்லை, ஒரு பகிடி இல்லை. எந்தத் துறையிலிருந்து புறப்பட்டார்கள், வீட்டில் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. அவர்களைக் கெட்டவர்களாகக் காட்டியது பெரிய விடயமில்லை. கதையில் கெட்டவர்கள் வேண்டும். எல்லோரையும் பார்த்துச் சிரித்தவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதுதான் குறை. ஒருவரைக் கேலி பண்ணுவதற்கு அவரைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்ளத் தக்கது நிறைய இருந்தது. கதை நடப்பது கி.பி. 970ஐ ஒட்டிய காலம். கொழும்பு மையவாடியில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே: காலித் இப்னு அபூ பகாயா என்பவருடையது, ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948 என்று பொதுவாகக் கொள்ளப்படுவது. அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதை 1827இலேயே அறிஞர் உலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். வந்தியத்தேவன் குதிரையேறுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னமே இந்த மண்ணில் அரபு எழுத்தில் கபுருக்குக் கல் நட்டிருக்கிறார்கள். கல் நடுவதென்றால் அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அது வந்து போனவர்களின் கதை மட்டுமில்லை, இருந்தவர்களின் கதையும்.

மாதோட்டத்தை எடுங்கள். கல்கி அதைத் தேவாரத்தின் கண்ணால் பார்க்கிறார். கேதீச்சரமும் சோலைகளும் தெரிகின்றன. தவறில்லை. ஆனால் அதே மாந்தையில் 1980 முதல் 1984 வரை, யுத்தம் வந்து நிறுத்தும் வரை நடந்த அகழாய்வில் மேற்காசிய மெருகுப் பாண்டங்களும் சீனத்து மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. பாரசீக வளைகுடாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் சரக்கு மாறிய துறை அது. கல்கி 1954இல் மௌத்தாகிவிட்டார். அந்த ஓடுகளை அவர் காணவில்லை என்று குறை சொல்ல முடியாது. குதிரை எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். சோழனின் குதிரைப் படை கடல் தாண்டி வந்த வணிகர் இல்லாமல் நின்றிருக்காது. முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் ஏறி வந்த அந்தக் களைத்த குதிரையின் பாட்டன் எந்த ஊர்க் கப்பலில் வந்தானோ!

இது வெறுப்பில் எழுதியது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அதே கல்கிதான் ‘அலையோசை’யில் பிரிவினைக் காலத்து இந்து முஸ்லிம் கலவரத்தை எழுதினார். அது அவர் கண்ணால் கண்ட காலம். பத்தாம் நூற்றாண்டு அராபியன் அவருக்குக் கண்ணால் கண்டவனில்லை. வாரக் கதைக்குப் புயலுக்கு முன்னால் ஒரு முரட்டுக் கூட்டம் தேவைப்பட்டது. கையில் அகப்பட்டதை எடுத்தார். அவசரத்தில் அகப்படுவது எப்போதும் நாமாக இருக்கிறோம் என்பது இன்னொரு கட்டுரைக்கு உரியது.

புத்தளத்தில் இதைச் சொன்னபோது இரண்டு விதமான பதில் வந்தது. எங்கட உறவினரான ஒரு மௌலவி, “கதைப் புத்தகமே லஹ்வு. அதில நம்மளக் காணேல்ல எண்டு அழுவுறது அதுக்கு மேல லஹ்வு” என்றார். அவர் சொன்ன விதம் பிடித்திருந்தது. ஆனால் ஹரீரியின் மகாமாத்தையும், கூத்தாக ஆடப்பட்ட அலிபாதுஷா நாடகத்தையும் ரசித்த சமுதாயத்துக்கு வீண்பொழுதும் கொஞ்சம் ஹலாலாகத்தான் இருந்திருக்கிறது. மற்றவர், வயதில் இளையவர், “இந்தப் புத்தகத்த நீங்க எப்படிப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்? நம்மள இழிவாக்குது” என்று கோபப்பட்டார். அவரிடம் படத்துக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான், மதுராந்தகராக நடித்தவரும் ஒரு ரகுமான் என்று சொன்னேன். “அப்ப நம்மட ஆக்கள் ரெண்டு பேர் கரை சேர்ந்திட்டாங்க” என்று அவரே சிரித்துவிட்டார்.

அவருடைய கோபத்துக்கு என்னிடம் இன்னொரு பதிலும் உண்டு. கல்கிக்கு 65 வருடம் முன்னால், 1885இல், அறிஞர் சித்திலெப்பை ‘அஸன்பேயுடைய கதை’யை எழுதினார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல். களவாடப்பட்ட குழந்தை, மிஸ்ரிலிருந்து பம்பாய், அங்கிருந்து கல்கத்தா, கடல், ஆபத்து, காதல், கடைசியில் பெற்றோரைக் கண்டடைவது என்று அதுவும் பாரமில்லாத கதைதான். ‘முஸ்லிம் நேசன்’ நடத்தி, பள்ளிக்கூடம் எழுப்பப் பாடுபட்ட ஒரு வழக்கறிஞர், சமூகத்துக்கு வாசிக்கும் ருசியை உண்டாக்க ஒரு காதல் சாகசக் கதையைத் தேர்ந்திருக்கிறார். கதை சொல்லும் கெட்டித்தனத்தில் அது கல்கிக்குக் கிட்டவும் வராது. நடையும் இன்றைய பிள்ளைக்குக் கடினம். ஆனால் கடல் கடந்து போகிறவன் அங்கே கதாநாயகன். நாம் அந்தப் பாதையில் தொடரவில்லை. ‘முதல் நாவல்’ என்று மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எத்தனை வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கிறது? மாந்தையில் இறங்கிய ஒரு வணிகனை வைத்து, சிரிக்கவும் காதலிக்கவும் தெரிந்த ஒருவனை வைத்து, ஐந்து பாகம் வேண்டாம், ஒரு பாகம் நம்மில் யாராவது எழுதியிருந்தால் அந்தப் பெடியனின் கையில் அதையும் கொடுத்திருப்பேன். கல்கி எழுதவில்லை என்று முறையிடுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

போன தவணையில் வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். அந்தக் கப்பலில் இருந்த ஓர் அராபியன் சொல்வதுபோல் ஒரு பக்கம் எழுத வேண்டும். பாதிப் பேர் படத்தைப் பார்த்து வாளும் இரத்தமுமாக எழுதியிருந்தார்கள். ஒருத்தி, கட்டிப் போட்ட வந்தியத்தேவன் ஓயாமல் கதைத்துக்கொண்டே இருந்ததால் அராபியருக்குத் தலையிடி வந்தது என்று எழுதியிருந்தாள். அவளுக்கு அதிக புள்ளி. கேள்வி கேட்ட பெடியன் தன் ஆளுக்குக் காலித் என்று பேர் வைத்திருந்தான், நான் சொன்ன கல்லிலிருந்து எடுத்தது. காலித் குதிரை விற்க வந்தவன். திரும்பிப் போகும்போது யானை வாங்கிக்கொண்டு போக நினைக்கிறான். ஆனையிறவில் வந்து நிற்கிறான். அந்த இடத்தில் பேனையை நிறுத்திவிட்டு என் மேசைக்கு வந்தான்.

“ரீச்சர், அரபில ஆனைக்கு என்ன சொல்லுறது?”

“ஃபீல்” என்றேன். “எங்கட குர்ஆனில அந்தப் பேரில ஒரு சூறாவே இருக்கு.”

“அப்ப ஆனை அவங்களுக்கும் முந்தியே தெரியும்” என்று சொல்லிக்கொண்டு போய், கொப்பியின் ஓரத்தில் ‘பீல்’ என்று எழுதினான்.